முத்திரை யாருடையது? பெண் பாடல்களும் ஒலிப்பதிவும்: ஹைதராபாத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஓர் இசைத்தட்டும் ஒரு கேள்வியும்

1949-இல் வெளியான ‘மஹல்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடல் இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் என்ற இடத்தில் ‘காமினி’ என்று அச்சாகியிருந்தது. காமினி என்றொரு பாடகி கிடையாது. படத்தில் மதுபாலா தோன்றும் பாத்திரத்தின் பெயர் அது. வானொலியில் பாட்டைக் கேட்டவர்கள் யார் பாடியது என்று விசாரித்து நிலையத்துக்குக் கடிதங்கள் எழுதினார்கள். நிலையத்தார் இசைத்தட்டு நிறுவனத்தைக் கேட்டார்கள். அதன் பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது.

அந்தப் பாட்டின் ஒலிப்பதிவை லதா பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். குரல் தொலைவிலிருந்து நெருங்கி வருவதுபோல் ஒலிக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் கேம்சந்த் பிரகாஷ் விரும்பினார். அதற்கான கருவிகள் எதுவும் அன்று இல்லை. அறை நடுவே மைக். லதா ஓரத்தில் நின்று தொகையறாவைத் தொடங்கி, பாடிக்கொண்டே அடிமேல் அடி வைத்து மைக்கை நோக்கி நடந்து வந்தார். அந்தப் பாட்டின் அமானுஷ்யம் முழுவதும் அவர் நடந்த அந்தச் சில அடிகளில் இருக்கிறது. அப்படி நடந்தவரின் பெயர்தான் தட்டில் இல்லை.

பெண்ணைப் பற்றிய, பெண் குரலில் ஒலிக்கிற பாடல்களில் ‘நான்’ என்பது யார்? எழுதியவரா, பாடியவரா, கதையில் வருகிறவளா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இதைக் கேட்டுப் பார்க்க ஹைதராபாத் தோதான ஊர். பெண் தன் பெயரிலேயே கஜல் எழுதித் தொகுத்த ஊர் அது. ‘உம்ராவ் ஜான்’ நாவலை எழுதியவர் மறைந்ததும், ‘பஜார்’ படத்தின் கதை நடப்பதும் அங்கேதான்.

2. முத்திரை என்னும் மரபு

கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு முத்திரையை விளக்க வேண்டியதில்லை. தீட்சிதருக்கு ‘குருகுஹ’, பாபநாசம் சிவனுக்கு ‘ராமதாசன்’. உருது கஜலில் இதே வேலையைச் செய்வது ‘தகல்லுஸ்’ எனப்படும் புனைபெயர். கஜலின் கடைசி ஈரடியில், ‘மக்தா’வில், கவிஞர் தன் பெயரை வைத்து முடிப்பார்.

முத்திரை எப்போதும் நேரான சாட்சியம் அல்ல என்பதைத் தமிழ் மரபே காட்டுகிறது. நம்மாழ்வார் தலைவியாகி உருகும் பதிகங்களும் ‘குருகூர்ச் சடகோபன்’ என்றே முடிகின்றன. உருகுவது பெண், கையொப்பம் ஆணுடையது. ஆண்டாளோ சொந்தப் பெயரை வைக்கிறாள். ஆனாலும் ‘பட்டர்பிரான் கோதை’ என்று தந்தையின் பெயரோடு சேர்த்தே வைக்கிறாள்.

தெலுங்கில் க்ஷேத்ரய்யாவின் பதங்கள் இன்னொரு வகை. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய நாயகிகள் பலர் கணிகையர். காசு, காத்திருப்பு, சக்களத்தி என்று ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர்கள். எல்லாப் பதங்களிலும் முத்திரை ‘முவ்வகோபால’. அது நாயகி அழைக்கும் கண்ணனின் பெயர். புலவரின் அடையாளமும் அதுவே. கோல்கொண்டா சுல்தான் அவையில் தாம் ஏராளமான பதங்கள் பாடியதாக அவர் பெயரில் வழங்கும் ஒரு பதம் சொல்கிறது. ஹைதராபாத்தோடு அவரை இணைக்கும் கண்ணி அது. ஆனால் அந்தப் பதங்களை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பெண்கள். வீணை தனம்மாளின் குடும்பமும், அவருடைய பேத்திகளான பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோரும் அவர்களில் முதன்மையானவர்கள்.

தக்காணத்தில் பிஜாப்பூரின் ஹாஷ்மி பெண் குரலில் கவிதை எழுதினார். பின்னர் லக்னோவில் ஆண்கள் பெண்பேச்சில் எழுதிய ‘ரேக்தி’ ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. இதையெல்லாம் ஆண்கள் போட்டுக்கொண்ட பெண் வேடம் என்று படிப்பது ஒரு பார்வை. கார்லா பெட்டீவிச் எழுதிய ‘வென் மென் ஸ்பீக் ஆஸ் விமன்’ (2007) இந்தக் கேள்வியை விரிவாக எடுத்துக்கொண்ட நூல். க்ஷேத்ரய்யாவை மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜன், வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன் மூவரும் ‘வென் காட் இஸ் எ கஸ்டமர்’ (1994) நூலில், அந்தக் கணிகையின் குரலில் இருக்கும் அதிகாரத்தைக் கவனிக்கச் சொல்கிறார்கள். இரண்டு பார்வைகளும் ஏட்டை வைத்தே பேசுகின்றன. பாட்டு ஏட்டை விட்டு இசைத்தட்டுக்குப் போனபோது முத்திரைக்கு என்ன ஆயிற்று என்பது இவற்றுக்கு வெளியே நிற்கிற கேள்வி.

3. மௌலா அலி மலையடியில்

ஹைதராபாத்தின் மௌலா அலி குன்றின் அடிவாரத்தில், சுற்றுச்சுவருக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மஹ் லகா பாய் சந்தா (1768–1824) தன் தாய் ராஜ் கன்வர் பாய்க்காக எழுப்பியது. பிறகு அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நிஜாமின் அவையில் ஆடிப் பாடியவர், புரவலர், நிலவுடைமையாளர் என்று பல முகங்கள் அவருக்கு. இன்றைய உஸ்மானியா பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் அடிக்மெட் பகுதி அவருக்குக் கிடைத்த மானிய நிலங்களில் ஒன்று என்று நகர வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள்.

அவருடைய ‘திவான்’, அதாவது கஜல் தொகுப்பு, 125 கஜல்களைக் கொண்டது. மறைந்த ஆண்டிலேயே, 1824-இல், அது வெளியாயிற்று. கையெழுத்துப் படி ஒன்றை 1799-இல் ஓர் ஆடல் நிகழ்ச்சியின்போது ஆங்கிலேய அதிகாரி மால்கமுக்கு அவரே அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். உருதுவில் திவான் தொகுத்த முதல் பெண் என்று அவர் நெடுங்காலம் கொண்டாடப்பட்டார். பின்னர், அதே தக்காணத்தைச் சேர்ந்த லுத்ஃபுன்னிசா இம்தியாஸின் திவான் அதற்கும் முந்தியது என்று தெரியவந்தது. ‘முதல்’ என்ற பட்டம் கைமாறியதே தவிர, கவிதையின் மதிப்பு குறையவில்லை.

நம் கேள்விக்கு வேண்டியது வேறொரு செய்தி. கஜல் மரபில் பேசுகிறவர் இலக்கணப்படி ஆண்பால். எழுதுவது பெண்ணானாலும் வினைமுற்று ஆண்பாலில் வரும். மஹ் லகாவும் அந்த மரபை ஏற்றுத்தான் எழுதினார். கடைசி ஈரடியில் மட்டும் ‘சந்தா’ என்ற பெயர் வரும். பேச்சு ஆண்பால், கையொப்பம் பெண்பால். நம்மாழ்வார் பதிகத்தை அப்படியே திருப்பிப் போட்டது போன்ற ஏற்பாடு. ஸ்காட் கூகிள் தமது ‘வென் சன் மீட்ஸ் மூன்’ (2016) நூலில், அவருடைய கஜல்களின் இறுதியில் திரும்பத் திரும்ப வரும் இமாம் அலியின் மீதான பக்தியைச் சுட்டிக்காட்டுகிறார். பொருள், ஆஸ்தி, அவை மரியாதை, பக்தி எல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடித்த பெயர் அது.

அவர் எப்படிப் பாடினார் என்பது மட்டும் காற்றோடு போய்விட்டது. ஒலியைப் பிடித்துவைக்கும் கருவி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவர் காலம் முடிந்தது.

4. குழல் முன் நின்றவர்கள்

1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு தொடங்கினார். குலப்பெண்கள் குழல் முன் வந்து பாடத் தயங்கிய காலம். வந்தவர்கள் தவாயிஃப்கள் எனப்பட்ட ஆடல்பாடல் கலைஞர்கள். அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். தென்னாட்டிலும் இதுவே நடந்தது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று தேவதாசி மரபில் வந்த பெண்களே முன்வரிசையில் நின்றார்கள்.

பாடுகிறவர் ஒரு பெரிய கூம்புக் குழலுக்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். மின்சார மைக் இல்லை; குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். மணிக்கணக்கில் விரியும் ராகம் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கியாக வேண்டும். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். விக்ரம் சம்பத் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலுக்கு (2010) அந்த அறிவிப்பே தலைப்பு.

அந்த அறிவிப்பு ஒரு பெண்ணின் பெருமித முழக்கம் என்று பலரும் எழுதுகிறார்கள். அதன் தேவையோ மிகச் சாதாரணமானது. மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் ஆலைக்குப் போயின. அங்கிருந்த தொழிலாளர்களுக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அடையாளம் காண, பாடியவரே பெயரைச் சொல்லியாக வேண்டியிருந்தது. மூட்டையின் மேல் ஒட்டும் விலாசச்சீட்டுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. கௌஹர் மட்டும் அல்ல, மற்றவர்களும் சொன்னார்கள்.

இந்த விளக்கம் சரி என்றாலும் முழுமையானதல்ல. விலாசச்சீட்டாகத் தொடங்கியது, வாங்குகிறவர் வீட்டில் ஒலித்தபோது வேறு பொருள் கொண்டது. கஜலோ தும்ரியோ யார் எழுதியதாக இருந்தாலும், கடைசியாகக் காதில் விழும் பெயர் பாடகியுடையது. மக்தாவில் கவிஞனுக்கு இருந்த இடத்தை அவர் குரல் எடுத்துக்கொண்டது. ஆலையின் வசதிக்காகச் செய்த ஏற்பாட்டில் முத்திரை கைமாறியது. கௌஹர் ஜான் 1930-இல் மைசூரில் மறைந்தார். அதற்குள் பெயர் சொல்லும் வழக்கம் போய்விட்டது. தட்டின் நடுவே ஒட்டிய காகிதம் அந்த வேலையைச் செய்தது. அந்தக் காகிதத்தில் என்ன அச்சிடுவது என்பதை முடிவுசெய்தது நிறுவனம். ‘காமினி’ வந்து உட்கார்ந்த இடம் அதுதான்.

5. ‘அதா’ என்ற கையொப்பம்

மிர்சா ஹாதி ருஸ்வாவின் ‘உம்ராவ் ஜான் அதா’ 1899-இல் வெளிவந்தது. லக்னோவின் தவாயிஃப் ஒருத்தி தன் கதையைச் சொல்ல, ருஸ்வா எழுதிக்கொண்டதாக நாவலின் அமைப்பு. தலைப்பில் இருக்கும் ‘அதா’ அவளுடைய தகல்லுஸ். அவள் கவிஞர் என்பதற்கு அதுவே சான்று. அவள் உண்மையில் வாழ்ந்தவளா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ருஸ்வாவுக்கே இந்த ஏற்பாட்டின் விபரீதம் புரிந்திருந்தது போலும். அதே ஆண்டில் ‘ஜுனூன்-ஏ-இந்திஸார்’ என்ற சிறுநூலில், உம்ராவ் பழிக்குப் பழியாக ருஸ்வாவின் கதையை எழுதுவதாக விளையாடிப் பார்த்திருக்கிறார். அந்தப் பழிவாங்கலையும் எழுதியவர் அவரே என்பதை மறக்கக் கூடாது. பிற்காலத்தில் ருஸ்வா ஹைதராபாத்துக்கு வந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மொழிபெயர்ப்புத் துறையில் பணிபுரிந்தார். 1931-இல் அந்த ஊரிலேயே மறைந்தார்.

முசாஃபர் அலி 1981-இல் இந்த நாவலைப் படமாக்கினார். பாடல்கள் அலிகரில் உருது கற்பித்த ஷஹ்ரியாருடையவை, இசை கய்யாம். அதில் ஒரு கஜலின் கடைசி ஈரடியைக் கவனிக்க வேண்டும். கவிஞர் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘அதா’ என்று வருகிறது. ஷஹ்ரியார் தம் புனைபெயரை விட்டுக்கொடுத்துப் பாத்திரத்தின் புனைபெயரை வைத்திருக்கிறார். ‘காமினி’ போலவே இதுவும் கற்பனைப் பெயர்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே வாழும் பாடகியின் பெயர் மறைக்கப்பட்டது. இங்கே ஆண் கவிஞர் தாமாக விலகிக்கொண்டார்.

அந்த ‘அதா’வுக்குக் குரல் கொடுத்தவர் ஆஷா போன்ஸ்லே. வழக்கமான சுருதியிலிருந்து ஒன்றரை சுரம் இறக்கிப் பாடும்படி கய்யாம் கேட்டார். ஆஷாவுக்கு அது பிடிக்கவில்லை. கீழே போனால் குரல் நிற்காது என்று வாதிட்டார். கடைசியில் ஓர் உடன்பாடு: முதலில் கய்யாம் சொன்ன சுருதியில் ஒன்று, பிறகு ஆஷாவின் சுருதியில் ஒன்று, இரண்டையும் பதிவுசெய்து பார்ப்பது. முதல் பதிவை ஒலிக்கவிட்டபோது, பாடுவது தானா என்று ஆஷாவே வியந்துபோனார். இரண்டாவது தேவைப்படவில்லை. இருவருமே பேட்டிகளில் சொன்ன கதை இது.

இசையமைப்பாளர் சொன்னார், பாடகி பணிந்தார் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் இறக்கிய சுருதியில் கிடைத்த கரகரப்பும் களைப்பும் நிதானமும் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. உம்ராவ் என்ற பாத்திரத்தின் வயதும் அனுபவமும் அந்தத் தொண்டையில் உருவானவை. தேசிய விருதுக் குழு கய்யாம், ஆஷா, திரையில் உதட்டசைத்த ரேகா மூவருக்கும் தனித்தனியே விருது கொடுத்தது. ஒரு பெண்ணை உருவாக்க எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலே கணக்கு.

6. ‘பஜார்’: விற்கப்பட்டவளின் பாட்டு

அடுத்த ஆண்டு, 1982-இல், சாகர் சர்ஹதி இயக்கிய ‘பஜார்’ வந்தது. கதைக்களம் ஹைதராபாத். வளைகுடாவிலிருந்து பணத்தோடு வருகிறவர்களுக்கு ஏழை வீட்டுப் பெண்கள் ‘நிக்காஹ்’ என்ற பெயரில் விற்கப்படும் கதை. சுப்ரியா பாடக் நடித்த ஷப்னம் தன் வயதுப் பையன் ஒருவனை விரும்புகிறாள். அவளை வயதான ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க ஏற்பாடாகிறது. முடிவில் அவள் நஞ்சு குடிக்கிறாள்.

இசை மீண்டும் கய்யாம். பாடல்கள் பலவும் படத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. பழைய கவிதைகளிலிருந்து எடுத்தவை. ஆகவே முத்திரையைத் தேடுவதற்கு இது வளமான இடம்.

காதலர்களுக்கான கஜல் மக்தூம் மொஹியுத்தீனுடையது. நிஜாம் ஆட்சியை எதிர்த்த ஹைதராபாத்தின் பொதுவுடைமைக் கவிஞர்; 1969-இல் மறைந்தவர். லதாவோடு அதைப் பாடிய தலத் அஸீஸும் ஹைதராபாத்காரர். பாட்டின் கடைசி ஈரடியில் மக்தூமின் பெயர் அப்படியே ஒலிக்கிறது. மீர் தகி மீரின் கஜல் ஒன்றும் படத்தில் உண்டு; பாடியவர் லதா. மீரின் பெயர் வரும் இறுதி ஈரடி படத்தில் இல்லை. மூலத்தின் தொடக்க ஈரடியும் இல்லை. நடுவிலிருந்து எடுத்த ஈரடிகள் ஒரு பெண்ணின் குரலில், ஒரு பெண்ணின் முகத்தின் மேல் ஒலிக்கின்றன. மீரின் கையொப்பம் போனதும் அவருடைய ‘நான்’ ஷப்னமுடையதாகிவிடுகிறது.

மூன்றாவது பாட்டு கனமானது. மிர்சா ஷௌக் லக்னவியின் ‘ஸஹ்ர்-ஏ-இஷ்க்’ 19-ஆம் நூற்றாண்டின் நெடுங்கவிதை. அதன் நாயகி காதலனிடம் விடைபெற்றுச் சென்று நஞ்சுண்டு சாகிறாள். அவள் விடைபெறும் பகுதியே ‘பஜார்’ படத்தில் பாட்டாகியிருக்கிறது. பாடியவர் கய்யாமின் மனைவி ஜக்ஜித் கௌர். நிறையப் பாடாதவர், கணவரின் இசையமைப்பில் உடனிருந்து உழைத்தவர். அவர் குரலில் மெருகைவிட மண்வாசம் அதிகம். திரைப்பாடகி பாடுகிறார் என்று தோன்றாது; பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோல் இருக்கும். முந்தைய ஆண்டு ‘உம்ராவ் ஜான்’ படத்தில், அமீர் குஸ்ரோ பெயரில் வழங்கும் மணப்பெண் பாட்டைப் பாடியவரும் அவரே. என்னை ஏன் தூர தேசத்தில் கட்டிக்கொடுத்தாய் என்று தந்தையைக் கேட்கும் பாட்டு அது. ‘பஜார்’ கதையின் கேள்வியும் அதுதான். அடுத்தடுத்த இரு படங்களில் அந்தக் கேள்விக்கும் அதன் முடிவுக்கும் ஒரே தொண்டை.

நெடுங்கவிதையில் நஞ்சுண்டவளின் சொல் நூறாண்டு தாண்டி, நஞ்சுண்ணப்போகும் ஹைதராபாத் பெண்ணின் மேல் வந்து விழுகிறது. மூலம் தெரிந்த உருது ரசிகருக்கு, அந்தப் பாட்டு தொடங்கும்போதே ஷப்னத்தின் முடிவு தெரிந்துவிடும்.

கதையிலிருந்த கொடுமை கற்பனை அல்ல. படம் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல், ஹைதராபாத்திலிருந்து டெல்லிக்குப் பறந்த விமானத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். விமானப் பணிப்பெண் விசாரித்தபோது, அருகே உட்கார்ந்திருந்த அறுபது வயது சவூதிக்காரருக்கு அவள் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட செய்தி தெரிந்தது. நாடே அதிர்ந்தது. ‘பஜார்’ பாடல்களோ அதற்குள் காதல் பாடல்களாகக் கேசட்டுகளில் ஊர் ஊராக ஒலித்துக்கொண்டிருந்தன. பாட்டு கதையைவிட்டுப் பிரிந்து பிழைத்தது. கதைக்குக் காரணமான பெண் பாட்டிலிருந்து மறைந்துபோனாள்.

7. முத்திரை இல்லாத பாட்டு

இதுவரை பார்த்தவை எல்லாம் பெயருக்கான போட்டி. பெயரே வேண்டாத பாட்டுகளும் அதே ஊரில் உண்டு என்பது இந்த வாதத்துக்கு ஒரு தடை. ஹைதராபாத் கல்யாண வீடுகளில் பெண்கள் கூடி உட்கார்ந்து ‘டோலக் கே கீத்’ பாடுவார்கள். மொழி தக்கினி, அதாவது தக்காணத்து உருது. சம்பந்தியம்மாளைக் கிண்டலடிப்பார்கள், மாப்பிள்ளையை வம்புக்கு இழுப்பார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டு. யார் கட்டிய பாட்டு என்று யாரும் கேட்பதில்லை. தெலங்கானாவின் பதுக்கம்மா பாட்டும் அப்படித்தான். பூக்களை அடுக்கிக் கோபுரமாக வைத்து, சுற்றி வந்து கைதட்டி, அடிதோறும் ‘உய்யாலோ’ என்று முடிக்கிறார்கள்.

முத்திரை இல்லாததே இந்தப் பாட்டுகளின் சுதந்திரம் என்று வாதிடலாம். வட்டத்துக்குள் இருக்கும்வரை அது சரி. ‘நான்’ என்பது அங்கே அந்த வட்டம் முழுவதும்தான். ஒலிப்பதிவுக்குள் வந்ததும் கணக்கு மாறுகிறது. தனித் தெலங்கானா அமைந்து 2014-இல் பதுக்கம்மா மாநில விழாவான பிறகு, புதுப்புதுப் பதுக்கம்மா பாட்டுகள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. 2021-இல் வந்த ஒன்றுக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைக்க, கௌதம் மேனன் படமாக்கினார். எழுதியவர், பாடியவர், இசைத்தவர், வெளியிட்டவர் என எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. தலைமுறை தலைமுறையாக மெட்டைக் காப்பாற்றிக் கொடுத்த பெண்களுக்குப் பெயர் போட அங்கே இடம் இல்லை.

8. முடிவு

ஒலிப்பதிவு பெண்ணுக்குக் குரல் கொடுத்தது என்ற பொதுக்கூற்றை இந்தச் சான்றுகள் அப்படியே ஏற்கவில்லை. மஹ் லகாவுக்குக் குரலும் பெயரும் ஒலிப்பதிவுக்கு முன்பே இருந்தன. கௌஹர் ஜானுக்கு முத்திரை கிடைத்தது ஆலையின் வசதியால். லதாவின் பெயரை அச்சிட்ட காகிதம் மறைத்தது. நேயர் கடிதங்கள் மீட்டன. அதற்காக, ஆண் எழுதியதெல்லாம் ஆணின் பாட்டே என்ற எதிர்க்கூற்றும் நிற்காது. லதாவின் நடை, ஆஷாவின் இறங்கிய சுருதி, ஜக்ஜித் கௌரின் மெருகேறாத தொண்டை ஆகியவை எழுத்தில் இல்லாத பெண்ணை உண்டாக்கியவை. பெண் பாட்டின் ஆசிரியத்துவத்தில் பாடகிக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு. பாடநூல்களும் கவிதைத் தொகைகளும் அந்தப் பங்கை இன்னும் தரவில்லை.

நாட்டுப்பாடல் சேகரிப்பவர்களிடமும், கல்யாண வீட்டில் கைபேசியில் பதிவுசெய்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மெட்டு, ஊர், தேதி எல்லாம் குறிக்கிறீர்கள். அந்தப் பாட்டை எடுத்துக்கொடுத்த பெண்ணிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், அவர் பெயரையும் குறித்துவையுங்கள்.